கன்சல்டிங்கா, நேரடி ஓனரா? பழைய கார் வாங்குவது பற்றி ஒரு இழை

கேள்வி, ஈரோட்டிலிருந்து. 11 ஜூன் 2025

2017 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல், 62,000 கி.மீ. இங்கே ஒரு கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கும் கடை) 4.60 லட்சம் சொல்கிறார்கள். "பேப்பர் எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்ங்க, ஆறு மாசம் வாரன்டி" என்கிறார்கள். அதே வருடம், அதே மாடல், நேரடி ஓனர் ஒருவர் 4.05-க்குத் தருகிறார், மீட்டர் 58,000. எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாமனார் கன்சல்டிங்தான் சேஃப் என்கிறார். எதில் வாங்கலாம்?

12 ஜூன் 2025

மாமனார் பேச்சைத் தட்டச் சொல்லிக் குடும்பத்தில் கலகம் மூட்டும் எண்ணம் இல்லை. ஆனால் விலை, கிலோமீட்டர் எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு இடத்திலும் ஒன்றைக் கேளுங்கள்: வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறது, அவர் நேரில் வருவாரா?

கன்சல்டிங் ஷெட்டில் நிற்கிற வண்டி எல்லாம் அவர்களுடையது போலத்தான் தெரியும். சிலவற்றைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருப்பார்கள். சில, பார்ட்டி வண்டி: ஓனர் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போயிருப்பார், விற்றால் கமிஷன். இன்னும் சில, பக்கத்து ஊர் கன்சல்டிங்கில் விலை போகாமல் இங்கே வந்து நிற்பவை. எதுவானாலும் ஆர்.சி. பெரும்பாலும் வேறு யார் பேரிலோதான் இருக்கும். அந்த ஆளிடம் பேர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, வாங்குபவர் பெயரையும் தேதியையும் காலியாக விட்டு டிராயரில் வைத்திருப்பார்கள். "பேப்பர் நாங்க பாத்துக்கிறோம்" என்றால் அநேகமாக அந்த டிராயர்தான்.

என் கட்சி இதுதான்: ஆர்.சி.யில் பேர் உள்ள ஆளிடம் ஒரு வார்த்தை பேசாமல் பழைய கார் வாங்கக் கூடாது. நேரடி ஓனரிடம் அது தானாக நடந்துவிடும். கன்சல்டிங்கில் வற்புறுத்திக் கேட்க வேண்டும். நம்பர் தரத் தயங்கினால் "ஓனர் வெளிநாட்டுல இருக்காருங்க" என்பார்கள். கோவை, ஈரோடு, திருப்பூர் மூன்று ஊரிலும் நான் விசாரித்த வண்டிகளின் ஓனர்களில் துபாய் போனவர்கள் அநியாயத்துக்கு அதிகம்.

அதே நாள், இரவு

கன்சல்டிங்கில் கூடுதலாகக் கேட்கும் அந்த 55,000 எங்கே போகிறது என்று இன்னொருவர் கேட்டார். முழுசும் லாபம் என்று நினைக்க வேண்டாம். பாலிஷ், சீட் கவர், டயர், ஷெட் வாடகை, வண்டி மூன்று மாதம் நின்றால் போட்ட பணத்துக்கு வட்டி. ஜிஎஸ்டி பதிவு உள்ள டீலர் என்றால் மார்ஜின் (வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம்) மீது 18 சதவீதம் வரி. 60,000 மார்ஜின் வைத்தால் 10,800 வரிக்கே போய்விடும். சின்ன கார்களுக்கு முன்பு 12 இருந்தது. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் எல்லாவற்றையும் 18 ஆக்கியது.

அப்போது ஒரு வாட்ஸ்அப் பீதி ஓடியது நினைவிருக்கும்: 12 லட்சத்துக்கு வாங்கி 9 லட்சத்துக்கு விற்றால் நஷ்டமான 3 லட்சத்துக்கும் வரி கட்ட வேண்டும் என்று. என் பெரியப்பா அதை நம்பி வண்டியை அவசரமாக விற்கப் பார்த்தார். தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் ஜிஎஸ்டியே கிடையாது. டீலருக்கும் நஷ்டத்தில் விற்றால் வரி இல்லை.

15 ஜூன் 2025

"நேரடி ஓனர்" என்று விளம்பரம் போடுகிற எல்லோரும் ஓனர் இல்லை. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. போன் போட்டு "வண்டி விஷயமா கூப்பிட்டேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "எந்த வண்டிங்க?" என்று பதில் வந்தால் எதிரே புரோக்கர். ஓனரிடம் விற்க ஒரு வண்டிதான் இருக்கும், அவர் நேராக விலைக்கு வந்துவிடுவார்.

புரோக்கர் என்பதற்காக போனை வைத்துவிட வேண்டியதில்லை. புரோக்கர் என்று சொல்லி வருகிற புரோக்கரோடு எனக்குச் சண்டை கிடையாது. மச்சான் வண்டி, நண்பர் வண்டி என்று ஆரம்பிக்கிறவர்களிடம்தான் உஷார்.

19 ஜூன் 2025

கன்சல்டிங்கில் வாங்கிய அனுபவம் உண்டா, இல்லை சும்மா பேசுகிறாயா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். உண்டு.

என் முதல் கார் கன்சல்டிங்கில் வாங்கியதுதான். பேர் வேண்டாம், இப்போது அந்த ஷெட் இருந்த இடத்தில் பேக்கரி இருக்கிறது. வண்டியில் ஒரு குறையும் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். இன்ஜின் கல் மாதிரி இருந்தது. பிரச்சினை ஆர்.சி.யில். முந்தைய ஓனர் வாங்கிய கடன் அடைந்துவிட்டது, ஆனால் ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனியின் பேர் அப்படியே இருந்தது. அதை நீக்க கடன் கொடுத்தவரின் என்ஓசியும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) ஃபாரம் 35-ம் வேண்டும். என்ஓசி இருந்தது, ஆனால் காலாவதியாகிவிட்டது. பொதுவாக மூன்று மாதம்தான் அதற்கு ஆயுள். புதிதாக வாங்க ஓனர் போக வேண்டும். ஓனருக்கு வண்டியோடு உறவு முடிந்து வருடக்கணக்காகிவிட்டது, அவர் ஏன் வேலையை விட்டுவிட்டு பைனான்ஸ் கம்பெனியில் போய் நிற்கப் போகிறார்?

கன்சல்டிங்கில் கேட்டால் ஒவ்வொரு முறையும் அதே சிரிப்பு, அதே டீ. "ஆர்டிஓ ஆபீஸ்ல குடுத்தாச்சுங்க, அடுத்த வாரம் வந்துரும்." கடைசியில் அந்த ஓனரின் வீட்டை நானே விசாரித்துக் கண்டுபிடித்துப் போனேன். நல்ல மனுஷன். மகன் வேலை பார்க்கிற இடத்திலிருந்து லீவு போட்டு வந்து முடித்துக் கொடுத்தான். எல்லாம் முடிந்து ஆர்.சி. என் பேருக்கு வர அந்த வருடம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அதுவரை ரோட்டில் எங்காவது தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டாவது காரை பொள்ளாச்சியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடம் வாங்கினேன். வண்டியோடு ஒரு நோட்டு கொடுத்தார். பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், மீட்டர் ரீடிங், காற்று பிடித்த தேதி எல்லாம் அதில் இருந்தது. விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அந்த நோட்டைப் பார்த்த பிறகு கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

27 ஜூன் 2025

ஈரோட்டு நண்பர் அந்த 4.05 வண்டியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஓனர் நேரில் இருந்தார், ஆர்.சி. அவர் மனைவி பேரில், அந்த அம்மாவும் வந்து பேசினார். எல்லாம் நான் சொன்னபடி. அப்புறம் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரித்தால், 2021-லேயே 74,000 ஓடியதாகப் பதிவு. இப்போது மீட்டரில் 58,000.

அந்தத் தம்பதி செகண்ட் ஓனர். 2022-ல் வாங்கும்போது மீட்டரில் 39,000 இருந்ததாம். அவர்களையே யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த அம்மா அழாத குறையாம்.

ஆக என் கட்சியில் ஒரு ஓட்டை. ஆர்.சி. ஓனரைப் பார்ப்பது காகிதத்துக்குத்தான் உத்தரவாதம். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் தனக்கு முன்னால் நடந்தது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஃபர்ஸ்ட் ஓனர் வண்டிக்கு ஏன் 20, 30 ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதற்கு இது நல்ல காரணம். சர்வீஸ் ஹிஸ்டரியை எங்கே வாங்கினாலும் பாருங்கள்.

28 ஜூன் 2025

வண்டியை எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு, தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள் என்பதே பாதி பதில். மீதி, அவர் இல்லாமலே பார்க்கக்கூடியவை.

காலையில் போங்கள், "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ கோளாறு, மறைக்கிறார்கள். கண்ணாடிகளில் தயாரித்த வருடக் குறி இருக்கும். ஐந்து கண்ணாடி ஒரு வருடம், ஒன்று மட்டும் வேறு என்றால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கலாம். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 40,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது.

வெள்ளத்தில் நின்ற வண்டி தனிக் கதை. 2015 டிசம்பர் சென்னை, 2018 ஆகஸ்ட் கேரளா, 2023 டிசம்பர் மிக்ஜாம், மூன்றிலும் ஏராளமான கார்கள் முங்கின. இன்ஷூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் என்று தள்ளிய வண்டி ஏலத்தில் போய், தேறி, வேறு ஊரில் நிற்கும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு அடியை யாரும் கழுவுவதில்லை, சேறு வரி அங்கே இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள ரெயில், ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், இரண்டிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஏர் ஃப்ரெஷ்னர் வாசம் மூக்கைத் துளைத்தால் எனக்குச் சந்தேகம்தான்.

சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்கள். ஃபாரத்தில் பென்சில் பிரிண்ட் எடுத்து ஒட்டத்தான் போகிறார்கள், அதற்கு முன்னால் ஒரு முறை.

2 ஜூலை 2025

வாரன்டி பற்றி. ஷெட் கன்சல்டிங் தரும் "ஆறு மாச வாரன்டி" இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டுக்கு மட்டும், அதுவும் பெரும்பாலும் வாய்ச்சொல். கிளட்ச், சஸ்பென்ஷன், ஏசி, எலெக்ட்ரிக்கல், இதில் எதுவும் சேராது. பழைய காரில் முதல் ஆறு மாதம் செலவு வைப்பவை இந்த நான்கும்தான்.

கார் கம்பெனிகளே நடத்துகிற பழைய கார் கடைகளிலும், ஆன்லைன் கம்பெனிகளிடமும் வாரன்டி எழுத்தில் வரும். அங்கே விலையும் அதற்கேற்ப. டீலர் பக்கம் பேச ஒரு நியாயமான வாதம் உண்டென்றால் இதுதான்: பில் போட்டு விற்கிறவர் மீது நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். பொள்ளாச்சி வாத்தியார் மீது போக முடியாது. அவர் வியாபாரி இல்லை. ஏமாற்றியிருந்தால் சிவில் வழக்கு, அல்லது போலீஸ். நடக்கிற காரியமா? பில் தராமல் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கும் கன்சல்டிங்கில் வாங்கினால், டீலர் விலை கொடுத்தும் அந்த வசதி கையில் இருக்காது.

20 ஜூலை 2025

ஆடி பிறந்துவிட்டது. இந்த மாதம் வண்டி வாங்க மாட்டேன் என்பவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள், எங்களுக்கு விலை இறங்கட்டும். கன்சல்டிங்காரர்கள் ஆடியில் ஈ ஓட்டுகிறார்கள், பேரத்துக்கு இதைவிட நல்ல மாதம் இல்லை. தேதிதான் கவலை என்றால் இப்போது அட்வான்ஸ் கொடுத்து ஆவணி ஒன்றாம் தேதி எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கும் ஒத்துக்கொள்வார்கள்.

கூட்டு எண் 8 இன்னொரு வரம். நம்பரைக் கூட்டினால் 8 வருகிற வண்டி மாதக்கணக்கில் நிற்கும். அதே வண்டி 5 வந்தால் ஒரு வாரத்தில் போய்விடும். என் இப்போதைய கார் 8. அதைக் காட்டியே 15,000 குறைத்தேன். வீட்டில் சொல்லவில்லை, அம்மா கூட்டிப் பார்க்காதவரை நல்லது.

29 ஆகஸ்ட் 2025

ஈரோட்டு நண்பர் பெருந்துறையில் ஒரு சிங்கிள் ஓனர் செலேரியோவை 3.40-க்கு முடித்துவிட்டார். மாமனாரும் கூடப் போய் டயரை உதைத்துப் பார்த்தாராம். இன்ஷூரன்ஸ் கரண்டில் இருக்கிறது, அப்படியே ஓட்டலாமா என்று கேட்கிறார்.

கூடாது. மூன்றாம் நபருக்கான கவர் வண்டியோடு தானாக வந்துவிடும். உங்கள் வண்டிக்கு அடிபட்டால் கிடைக்கும் கவர் அப்படி வராது. 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றும்போது கொஞ்சம் பணம் கேட்பார்கள், அது மோசடி இல்லை. பழைய ஓனர் கிளெய்ம் செய்யாமல் சேர்த்த போனஸ் அவருக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. அது 50 சதவீதம் வரை போகும். அவர் அதைத் தன் அடுத்த காருக்கு எடுத்துக்கொள்வார், நீங்கள் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விலை பேசும்போது "இன்ஷூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்குங்க" என்று ஏற்றினால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

24 செப்டம்பர் 2025

22-ஆம் தேதியிலிருந்து சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். முன்பு 28, மேலே செஸ் 1. ஷோரூம் விலையில் சுமார் எட்டரை சதவீதம் குறைகிறது, ஏழு லட்சம் வண்டிக்கு 60,000 பக்கம். புது வண்டி இறங்கினால் பழசும் இறங்கத்தான் வேண்டும்.

செலேரியோ நண்பர் கடுப்பில் இருக்கிறார். ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டைப் பேச்சிலேயே வரி குறையும் என்று பிரதமர் சொன்னார், என்ன குறைப்பு என்று தெரியக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. அவருக்கு ஆறுதலாக: ஷெட்டில் பழைய விலைக்கு வாங்கி அடுக்கி வைத்திருக்கும் கன்சல்டிங்காரர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். நேரடி ஓனர்கள் இன்னும் பழைய விலையிலேயே நிற்கிறார்கள், தங்கள் காரின் விலை இறங்கிவிட்டது என்று நம்ப அவர்களுக்கு இரண்டு மாதம் பிடிக்கும். இப்போதைக்கு டீலர்தான் மலிவு. நான் இதைச் சொல்வேன் என்று ஜூனில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

16 நவம்பர் 2025

பத்தாம் தேதி டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த ஐ20 பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். பல கை மாறிய பழைய கார். போலீஸ் முதலில் தேடிப் போனது, என்றைக்கோ விற்றுவிட்டுப் போன ஆளை. ஏனென்றால் பதிவில் அவர் பேர்தான்.

இதுவரை வாங்குபவர் பக்கமே பேசிவிட்டோம். அந்த டிராயரில் இருக்கும் காலி ஃபாரத்தால் முழுசாக மாட்டுவது விற்றவர்தான். 2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்று. 2009-ல் நடந்த விபத்து, அதற்குள் அந்தக் கார் பல பேர் கை மாறியிருந்தது, ஆர்.சி. மட்டும் மாறவில்லை. பதிவில் பேர் உள்ளவரே ஓனர், நஷ்ட ஈடு அவர் பொறுப்பு என்று தீர்ப்பு. வண்டியை ஒப்படைக்கும்போது எழுதும் டெலிவரி நோட்டில் தேதி, நேரம், கிலோமீட்டர் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கியது கிரிமினல் கேஸில் கொஞ்சம் உதவும். நஷ்ட ஈட்டுக்கு உதவாது.

சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். 2023 ஏப்ரலிலிருந்து இன்னொரு ஏற்பாடும் உண்டு: ஆர்டிஓவிடம் அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலர், வண்டியைக் கையில் வாங்கியதும் போர்ட்டலில் பதிவு செய்யலாம். அன்றிலிருந்து அடுத்தவருக்கு விற்கும்வரை பொறுப்பு அவருடையது. ஆனால் நம் ஊர் ஷெட்டுகளில் "அங்கீகாரச் சான்று காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள், முகத்தைப் படம் எடுத்து வைக்கலாம்.

இப்போது நான் வந்து நிற்கிற இடம்: வாங்குவதென்றால் முதல் ஓனரிடம். விற்பதென்றால் அங்கீகாரம் உள்ள டீலரிடம், 30, 40 ஆயிரம் குறைந்தாலும். அப்பாவின் வண்டியை அப்படித்தான் விற்றோம். அப்பாவுக்கு இன்னும் மனத்தாங்கல், "எதிர் வீட்டுக்காரன் அம்பதாயிரம் கூடக் கேட்டான்" என்று. எதிர் வீட்டுக்காரர் பேர் மாற்றியிருப்பாரா என்பது எனக்குத் தெரியும்.

17 நவம்பர் 2025

நேற்றைய குறிப்புக்கு ஒட்டு: விற்ற அன்றே ஃபாஸ்டேகைப் பிய்த்து, பேங்கில் சொல்லி மூடிவிடுங்கள். நண்பர் ஒருவர் விற்ற காரின் டோல் மெசேஜ்களை வைத்து, வாங்கியவர் குடும்பத்தோடு திருச்செந்தூர் போய் வந்ததை வரிசையாகச் சொன்னார். கப்பலூர், எட்டூர்வட்டம் என்று ஒவ்வொன்றாக.

6 டிசம்பர் 2025

சேர்ந்துபோன சின்னச் சின்னக் கேள்விகள்.

நேரடி ஓனர் என்றால் லோன் கிடைக்காது என்பது உண்மையில்லை. வங்கி மதிப்பீட்டாளரை அனுப்பும், கொஞ்சம் அலைய வேண்டும், அவ்வளவுதான். ஓனருக்கே கடன் பாக்கி இருந்தால் அந்தத் தொகையை அவர் கடன் கணக்கில் நேராகக் கட்டுங்கள், மிச்சத்தை மட்டும் அவர் கையில். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு "நான் அடைச்சுக்கிறேன்" என்பவரிடம் வேண்டாம்.

ரொக்கமாகக் கேட்கிறார்கள் என்று ஒருவர். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் பணம் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் என்பது வருமான வரிச் சட்டம். இதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், பேங்க் அக்கவுன்ட் நம்பர் வந்துவிடும்.

பாண்டி நம்பர், கேரளா நம்பர் மலிவாக இருக்கிறதே என்றால், மலிவு அங்கேயே முடிந்துவிட்டது. அங்குள்ள ஆர்டிஓவிடம் என்ஓசி வாங்கி வந்து, வண்டியின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரியை இங்கே கட்டி, அங்கே கட்டிய வரியை அங்கே போய் ரீஃபண்ட் கேட்க வேண்டும். அந்தச் செலவை முதலிலேயே கூட்டிப் பாருங்கள். டி போர்டில் ஓடி ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டியா என்று ஆர்.சி. விவரங்களில் பார்க்கவும். டாக்ஸியாக ஓடிய வண்டிக்கு மீட்டரை யாரும் நம்புவதில்லை.

11 ஜனவரி 2026

கரூரிலிருந்து ஒருவர்: 2014 வேகன்ஆர், ஓனர் போன வருடம் காலமாகிவிட்டார், மகன் விற்கிறார், 29, 30-ல் அப்பாவின் கையெழுத்து ஏற்கனவே இருக்கிறதாம். விலை ரொம்பக் குறைவு.

அந்தக் கையெழுத்து செல்லாது. இறந்தவர் பேரில் உள்ள வண்டி முதலில் வாரிசு பேருக்கு மாற வேண்டும், அதற்கு ஃபாரம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் கேட்பார்கள். அதன் பிறகுதான் மகன் உங்களுக்கு விற்க முடியும். மகன் நல்ல பையனாகவே இருக்கலாம், அவனுக்குக் கல்யாணமான அக்கா ஒருவர் இருந்து அவர் சம்மதிக்கவில்லை என்றால் வண்டி உங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கும். அவர்களே பேர் மாற்றி ஆர்.சி. கார்டு கைக்கு வந்த பிறகு கூப்பிடச் சொல்லுங்கள். அதுவரை அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.